வெயில், மழை, குளிர்: வீட்டுப் பிராணிகளைப் பருவத்துக்குப் பருவம் பார்த்துக்கொள்வது எப்படி?

நாய்க்கு உடம்பு சரியில்லையா என்று பார்க்க, முதலில் எல்லோரும் மூக்கைத்தான் தொடுகிறார்கள். ஈரமாக இருந்தால் நலம், காய்ந்திருந்தால் காய்ச்சல் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கை நம்ப வேண்டாம். தூங்கி எழுந்த நாயின் மூக்கு காய்ந்துதான் கிடக்கும். கடும் காய்ச்சலில் படுத்திருக்கும் நாயின் மூக்கு ஈரமாகவும் இருக்கலாம்.

வெயிலோ மழையோ குளிரோ, பருவம் கொண்டுவரும் நோய்களில் பல மெதுவாகத்தான் தலைகாட்டும். பிராணி நலமாக இருக்கும்போது அதன் உடம்பு எப்படி இருக்கும் என்று அளந்து வைத்திருப்பவர்கள் மாற்றத்தை முதல் நாளே கவனித்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு அது சாப்பாட்டை விட்ட பிறகுதான் தெரியவரும். அதனால் எந்தப் பருவத்துக்குத் தயாராவதாக இருந்தாலும் முதல் வேலை அளவு எடுப்பதுதான்.

நலமாக இருக்கும்போதே எடுக்க வேண்டிய அளவுகள்

பிராணிக்கென்று தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள். நாயின் இயல்பான வெப்பநிலை 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். பூனைக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். மனிதருக்குக் காய்ச்சல் என்று படுக்கும் 39 டிகிரி, நாய்க்கு இயல்பான சூடு. நெற்றியையோ காதையோ கையால் தொட்டு நாம் போடும் கணக்கு தவறுவது இதனால்தான்.

அளவு ஆசனவாய் வழியாகவே எடுக்க வேண்டும். தெர்மாமீட்டர் முனையில் வாஸ்லைன் தடவிக்கொள்ளுங்கள். ஒருவர் பிராணியை மார்போடு அணைத்துப் பிடித்து அதனிடம் பேசிக்கொண்டே இருக்கட்டும். இன்னொருவர் வாலை மெல்லத் தூக்கி, முனையை 2 சென்டிமீட்டர் அளவுக்கு உள்ளே விட்டு, குடலின் பக்கச் சுவரைத் தொடும்படி லேசாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். நேராகக் குத்தினால் மலத்துக்குள் போய்ச் செருகிக்கொண்டு குறைவான அளவைக் காட்டும். ‘பீப்’ சத்தம் கேட்டதும் எடுத்துவிடலாம். முதல் இரண்டு தடவை திமிறும், பிறகு பழகிவிடும். அவசர நேரத்தில் பழக்க முடியாது, நலமாக இருக்கையிலேயே பழக்கிவிடுங்கள்.

அடுத்தது மூச்சு. நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். நாயோ பூனையோ, தூக்கத்தில் நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். தொடர்ந்து 30-ஐத் தாண்டினால் இதயத்தையோ நுரையீரலையோ டாக்டர் பார்க்க வேண்டிய நிலை.

பிறகு ஈறு. மேலுதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். சில நாய்களுக்கு ஈறு முழுக்கக் கறுப்பாகவே இருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையை லேசாக இழுத்து உள்பக்க நிறத்தைப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்.

எடையை மாதம் ஒருமுறை, அதே தராசில் பாருங்கள். சின்னப் பிராணி என்றால் தூக்கிக்கொண்டு நின்று பார்த்து, உங்கள் எடையைக் கழித்துவிடலாம். 4 கிலோ பூனைக்கு 400 கிராம் குறைவது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது 60 கிலோ ஆள் 6 கிலோ இளைத்ததற்குச் சமம்.

கடைசியாகத் தண்ணீர். காலையில் கிண்ணத்தில் அளந்து ஊற்றுங்கள், மறுநாள் காலையில் மீதியை அளந்து கழியுங்கள். நாய்க்கு ஒரு நாளில் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி என்பது தோராயமான தேவை. 10 கிலோ நாய் அரை லிட்டர் குடிக்கும். வெயிலில் கூடும், ஈர உணவு சாப்பிட்டால் குறையும். கிலோவுக்கு 100 மில்லியைத் தொடர்ந்து தாண்டினால் அதை வெயில் என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். சிறுநீரகக் கோளாறும் சர்க்கரை நோயும் அப்படித்தான் தொடங்கும்.

இவை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

வெயில் காலம்

மனிதருக்கு உடம்பு முழுக்க வியர்க்கிறது. நாய்க்கு உள்ளங்காலில் மட்டும்தான், அதுவும் சொற்பம். அது தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் ஒரே பெரிய வழி மூச்சிரைப்பு: நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகிறது. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். புழுக்கமான நாளில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் நாக்கின் ஈரம் ஆவியாகாது. அதனால் 40 டிகிரி வறண்ட வெயிலை விட 32 டிகிரி புழுக்கம் சில சமயம் மோசமாக இருக்கும். பக், புல்டாக், பாக்ஸர், ஷி ட்ஸு போன்ற தட்டை முக நாய்களுக்கும் பெர்சியன் பூனைக்கும் மூச்சுப்பாதை குறுகல். மற்றவை ஓடும் வெயிலில் இவை சும்மா நின்றாலே திணறும். பருத்த உடம்பு, முதுமை, இதய நோய் மூன்றும் அதே கணக்கில் சேரும். வெறும் ஃபேன் காற்று நமக்குச் சுகம், வியர்க்காத நாய்க்கு அதனால் பெரிய பயன் இல்லை. உடம்பை நனைத்துவிட்டு ஃபேனைப் போட்டால்தான் வேலை செய்யும்.

நடைக்கு விடியற்காலைதான் நல்லது. சாயங்காலம் வெயில் இறங்கினாலும் தார்ச்சாலையும் சிமென்ட்டும் வாங்கிய சூட்டை வெகுநேரம் விடாது. புறங்கையைத் தரையில் வைத்து 7 விநாடி பொறுக்க முடியவில்லை என்றால் அந்தப் பாதத்துக்கும் முடியாது. பாதம் வெந்த நாய் உடனே நொண்டாது. வீட்டுக்கு வந்து படுத்துப் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும், மறுநாள் தோல் உரியும்.

அடர்ந்த உள்ரோமம் உள்ள இனங்களுக்கு வெயில் வந்ததும் மொட்டையடிப்பது பலர் செய்யும் தவறு. மேல்முடிதான் வெயில் நேராகத் தோலில் விழாமல் தடுக்கிறது. மழித்தால் தோல் பொசுங்கும், சில நாய்களுக்கு முடி பழையபடி முளைக்காது. உதிர்ந்து உள்ளே அடைந்து கிடக்கும் உள்ரோமத்தைச் சீப்பால் வாரி எடுத்தாலே போதும், காற்று உள்ளே போகும்.

வண்டிக்குள் விட்டுவிட்டு ‘ரெண்டே நிமிஷம்’ என்று இறங்கவே கூடாது. வெளியே 21 டிகிரி என்று இதமாக இருக்கும் நாளில்கூட, மூடிய காருக்குள் 10 நிமிடத்தில் 32 டிகிரியும் அரை மணியில் 40 டிகிரியும் ஆகிவிடும். கண்ணாடியை இரண்டு விரல்கடை இறக்கி வைப்பதால் குறிப்பிடும்படி எதுவும் மாறுவதில்லை.

தண்ணீர்க் கிண்ணத்தை ஓர் இடத்தில் மட்டும் வைக்காமல் இரண்டு மூன்று இடங்களில் நிழலில் வையுங்கள். பூனைக்குச் சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் வைக்காமல் தள்ளி வைத்தால் அதிகம் குடிக்கும். ஐஸ் தண்ணீர் நாயைக் கொன்றுவிடும் என்று ஒரு பயம் பரவலாக இருக்கிறது. நலமாக இருக்கும் நாய்க்கு நாலு ஐஸ்கட்டி ஒன்றும் செய்யாது.

வெப்பத்தாக்குதல்: அறிகுறியும் முதலுதவியும்

மூச்சிரைப்பு எல்லா நாய்க்கும் உண்டு, ஆபத்தான மூச்சிரைப்பு எது? நாக்கைப் பாருங்கள். சாதாரணமாக இரைக்கும் நாயின் நாக்கு வாயோடு சேர்ந்து தளர்ந்து தொங்கும். சூடு மீறும்போது நாக்கு முழு நீளத்துக்கு வெளியே வந்து, நுனி கரண்டி போல அகன்று, ஓரம் மேலே சுருளும். எச்சில் தண்ணீராக இல்லாமல் பசை போல இழைஇழையாக வரும். ஈறு செங்கல் நிறமாகும். நிழலுக்குக் கொண்டுவந்த பிறகும் இரைப்பு அடங்காது. இந்தக் கட்டத்திலேயே இறங்கிவிட வேண்டும். வாந்தி, தள்ளாட்டம், ரத்தப்போக்கு, வலிப்பு என்று போன பிறகு காப்பாற்றுவது கடினம். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் கட்டம் பார்க்கவே வேண்டாம், அது எப்போதுமே அவசரம்.

1. சூடான தரையிலிருந்து தூக்கி, நிழலும் காற்றும் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். நடக்க வைக்காதீர்கள்.

2. கையில் கிடைக்கும் குளிர்ந்த தண்ணீரைக் கழுத்திலிருந்து வால்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். வயிறு, அக்குள், தொடையின் உள்பக்கம் நன்றாக நனைய வேண்டும். முடிக்கு மேல் வழிந்து ஓடினால் பயனில்லை, விரலால் முடியைக் கலைத்துத் தோலில் படச் செய்யுங்கள். ஃபேன் நேராக அடிக்கட்டும். இளவயது நாய், நினைவும் தெளிவாக இருக்கிறது என்றால் தலையை வெளியே தாங்கிப் பிடித்துக்கொண்டு தொட்டித் தண்ணீரில் இறக்கலாம். முதிய நாய்க்கும் நினைவு மங்கிய நாய்க்கும் ஊற்றுவதே சரி.

3. ஈர டவலைப் போர்த்திவிட்டு உட்காராதீர்கள். சில நிமிடத்தில் அந்த டவல் உடம்புச் சூட்டை வாங்கிக் கம்பளி போல ஆகிவிடும். டவல் தவிர வேறு வழியில்லை என்றால் மாற்றி மாற்றிப் போட வேண்டும்.

4. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலை பாருங்கள். 39.5 டிகிரிக்கு வந்ததும் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். நிறுத்திய பிறகும் உடம்பு கொஞ்சம் இறங்கும், விட்டால் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும்.

5. தானாகக் குடித்தால் குடிக்கட்டும். வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

6. எழுந்து வாலாட்டினாலும் டாக்டரிடம் கொண்டுபோங்கள். சிறுநீரகமும் கல்லீரலும் ரத்தம் உறையும் தன்மையும் கெட்டிருந்தால் அது ஒன்று முதல் மூன்று நாள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

ஆஸ்பத்திரி எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் முதலில் குளிர்விப்பு, பிறகுதான் பயணம். வெதுவெதுப்பான தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், குளிர்ந்த நீர் ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும் என்று முன்பு சொல்லிவந்தார்கள். இப்போது வேகத்துக்குத்தான் முதலிடம். சரியான சூட்டில் தண்ணீர் தேடி வீணாகும் நிமிடங்கள்தான் உயிரை எடுக்கும்.

மழைக்காலம்

மழைக்குத் தயாராவதை மழை வந்த பிறகு தொடங்கினால் தாமதம். காரணம் எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் அந்தக் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். நாய் அதைக் குடித்தாலோ, புண்ணுள்ள காலோடு அதில் நடந்தாலோ தொற்றிக்கொள்ளும். மனிதருக்கும் பரவும். தடுப்பூசி உண்டு. ஆனால் முதல்முறை போடும் நாய்க்கு 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டு, அதற்குப் பிறகும் இரண்டொரு வாரம் போனால்தான் முழுப் பாதுகாப்பு. எனவே மழைக்கு ஒன்றரை மாதம் முன்பே தொடங்கிவிட வேண்டும். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை போட்டால் போதும். கொசு மூலம் பரவும் இதயப்புழுவுக்கு மாத மருந்து தொடங்குவதாக இருந்தால் அதற்கும் முன் ரத்தப் பரிசோதனை அவசியம். ஏற்கெனவே புழு இருக்கும் நாய்க்கு யோசிக்காமல் மருந்து கொடுத்தால் ஒவ்வாமை அதிர்ச்சி வரலாம்.

வெளியே போய்வந்ததும் துவட்டுவதை எல்லோரும் முதுகோடு முடித்துவிடுகிறார்கள். பூஞ்சை வருவது முதுகில் இல்லை. விரலிடுக்கு, அக்குள், தொடையிடுக்கு, முகத்து மடிப்பு, கழுத்துப்பட்டைக்கு அடியில்தான். ஒவ்வொரு விரலையும் பிரித்துத் துடையுங்கள். வீட்டில் இருக்கும் நேரம் நனைந்த கழுத்துப்பட்டையைக் கழற்றிக் காய வையுங்கள். வெள்ளை முடி உள்ள நாயின் பாதம் துருப்பிடித்தது போலப் பழுப்பாக மாறினால் அது நக்கி நக்கி எச்சில் கறை பிடித்தது, அரிப்பு இருக்கிறது என்று பொருள்.

காது தொங்கும் நாய்களுக்கு ஈரம் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை சுத்தம் செய்யலாம், தினமும் வேண்டாம். முறை இதுதான்: காதுமடலை மேலே தூக்கிப் பிடித்து, காதுக்கென்று விற்கும் திரவத்தைத் துவாரம் நிறைய ஊற்றுங்கள். காதின் அடிப்பகுதியை வெளியே இருந்து அரை நிமிடம் பிசையுங்கள். உள்ளே சளப்சளப் என்று சத்தம் கேட்க வேண்டும். பிறகு கையை எடுத்து, தலையை உதற விடுங்கள். உதறி வெளியே வந்த அழுக்கைப் பஞ்சால் துடையுங்கள், உங்கள் விரல் தானாகப் போகும் ஆழம் வரைதான். நாயின் காதுக்குழாய் நேராக இறங்கிப் பிறகு உள்நோக்கி மடங்குகிறது. பட்ஸ் விட்டால் அழுக்கு வெளியே வராமல் அந்த மடக்கில் போய் அடைத்துக்கொள்ளும். கெட்ட வாடை, காப்பிப்பொடி போன்ற கறுப்பு அழுக்கு, தொட்டால் கத்துவது, தலை ஒருபக்கம் சாய்வது, இவற்றில் ஒன்று இருந்தாலும் எதையும் ஊற்ற வேண்டாம். செவிப்பறை கிழிந்திருந்தால் அந்தத் திரவமே கேடு. டாக்டர் உள்ளே பார்த்த பிறகுதான் மருந்து.

உண்ணி

ஈரமும் சூடும் சேரும் மாதங்களில் உண்ணி பெருகும். தினமும் ஒருமுறை, முடியின் போக்குக்கு எதிராக விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கண்ணை விட விரல்தான் நன்றாகக் கண்டுபிடிக்கும். காதின் உள்மடிப்பு, கண்ணிமை ஓரம், விரலிடுக்கு, அக்குள், வாலின் அடி, கழுத்துப்பட்டைக்குக் கீழ் என்று மறைவான இடமாகத் தேடும் பூச்சி அது. பயறு போல ஒரு மேடு தட்டுப்படும். மருவா உண்ணியா என்று சந்தேகம் வந்தால் முடியை விலக்கிப் பாருங்கள்: தோலோடு சேரும் இடத்தில் குட்டிக் கால்கள் தெரிந்தால் உண்ணி. மருவைப் பிடுங்கப் போய் ரத்தக்காயம் ஆக்கியவர்கள் நிறையப் பேர்.

எடுக்க மெல்லிய முனையுள்ள இடுக்கி வேண்டும். ரத்தம் குடித்து உப்பிய வயிற்றைப் பிடிக்காதீர்கள், நசுக்கினால் அதன் உள்ளிருப்பு நாயின் உடம்புக்குள் போகும். தோலை ஒட்டி, அது கடித்திருக்கும் இடத்தில் பிடித்து, திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், ஒரே சீரான விசையில் நேர் மேலே இழுங்கள். தோல் கூடாரம் போல எழும், அப்படியே சில விநாடி பிடித்திருந்தால் உண்ணி பிடியை விட்டுவிடும். கொக்கி உள்ள உண்ணிக்கருவி என்றால் மட்டும் திருகி எடுக்க வேண்டும், அதன் அமைப்பு அப்படி. எண்ணெய், மண்ணெண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். திணறும் உண்ணி குடித்ததைக் கக்கும், அதோடு கிருமியும் உள்ளே போகும். எடுத்ததை விரலால் நசுக்காமல் ஸ்பிரிட் ஊற்றிய மூடி போட்ட பாட்டிலில் போடுங்கள். வாய்ப்பகுதி உள்ளே முறிந்து தங்கிவிட்டால் ஊசியால் நோண்ட வேண்டாம், தோல் தானே அதை வெளியே தள்ளும்.

எடுத்த தேதியை நோட்டில் குறியுங்கள். அடுத்த மூன்று வாரத்தில் சாப்பாடு குறைவது, சோர்வு, காய்ச்சல், ஈறு வெளுப்பது, மூக்கில் ரத்தம், தேநீர் நிறத்தில் சிறுநீர் என்று எது வந்தாலும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். டாக்டரிடம் அந்தத் தேதியைச் சொன்னால் எந்தப் பரிசோதனை என்பதை அவர் உடனே முடிவு செய்வார்.

நாயின் மேல் பார்ப்பது கொஞ்சம்தான். வயிறு நிறைந்த பெண் உண்ணி கீழே இறங்கி, சுவர் வெடிப்பிலும் கதவு நிலையின் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். தெள்ளுப்பூச்சியும் அப்படித்தான், முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவுமாகப் பெரும்பகுதி படுக்கையிலும் தரைவிரிப்பிலும் இருக்கும். அதனால் நாய்க்கு ஒரு சொட்டு மருந்து விட்டு ஓய்ந்துவிட்டால் இரண்டு வாரத்தில் மறுபடி ஏறிவிடும். வீட்டில் உள்ள எல்லாப் பிராணிக்கும் ஒரே நாளில் மருந்து, படுக்கை விரிப்புகளைச் சுடுநீரில் வாரம் ஒருமுறை துவைப்பது, இடுக்குகளை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுவது எல்லாம் சேர்ந்து குறைந்தது மூன்று மாதம் விடாமல் நடக்க வேண்டும்.

சொட்டு மருந்தைப் பிராணியின் எடைக்கு ஏற்றபடிதான் வாங்க வேண்டும். தோள்பட்டைகளுக்கு நடுவே முடியைப் பிரித்து, தோல் தெரிந்த இடத்தில் விடுங்கள். முடியில் விட்டால் வீண். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்ட வேண்டாம். மாத்திரை என்றால், முன்பு எப்போதாவது வலிப்பு வந்த நாயா என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இதைப் பூனை வைத்திருப்பவர்கள் இரண்டு முறை படியுங்கள்: நாய்க்கான மருந்தைப் பூனைக்கு விடவே கூடாது. பல நாய் மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. பூனையின் உடம்பால் அதை முறிக்க முடியாது. சில மணி நேரத்தில் உடம்பு நடுங்கும், காது துடிக்கும், வலிப்பு வரும், இறந்தும் போகலாம். ‘நாய்க்குரியதில் பாதி அளவு’ என்ற கணக்கும் உதவாது. தவறிப்போய் விட்டுவிட்டால் பாத்திரம் கழுவும் திரவத்தால் வெதுவெதுப்பான நீரில் அந்த இடத்தைக் கழுவி, ஈரத்தைத் துவட்டிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். மருந்து விட்ட நாயைப் பூனை நக்காதபடி, காயும்வரை தனியறையில் வையுங்கள்.

இடியும் பெருஞ்சத்தமும்

இடிக்கு நடுங்கும் நாயை அணைத்தால் பயம் வளரும் என்பார்கள். பயம் என்பது பிடிவாதம் அல்ல, அணைப்பதால் அது பெருகாது. உங்களிடம் வந்து ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொள்ள விடுங்கள். ஒளிய விரும்பினால் இழுக்காதீர்கள். ஜன்னல் இல்லாத அறையோ, போர்வை போர்த்திய மேஜையின் அடியோ ஏற்ற இடம், அங்கே சீராக இரையும் ஃபேன் சத்தம் இருந்தால் நல்லது. மிகவும் பயப்படும் நாய்களுக்கு மருந்து உண்டு, ஆனால் சத்தம் தொடங்கும் முன் கொடுத்தால்தான் பலன். அதனால் டாக்டரிடம் பருவத்துக்கு முன்பே பேசுங்கள், மனிதரின் தூக்க மாத்திரையைக் கொடுத்துப் பார்க்காதீர்கள். மிரண்டு ஓடிய நாய் திரும்பி வர, கழுத்துப்பட்டையில் இப்போது பயன்பாட்டில் உள்ள தொலைபேசி எண் இருக்க வேண்டும். மைக்ரோசிப் போட்டிருந்தால் பதிவில் உள்ள எண்ணையும் சரிபாருங்கள்.

உலர் உணவு மழையில் நமுத்துப் பூஞ்சை பிடிக்கும். வாங்கிய பையோடு சேர்த்துக் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். பழைய மிச்சத்தின் மேல் புதியதைக் கொட்டாதீர்கள், அடியில் தங்கும் கொழுப்பு காறிப்போய்ப் புதியதையும் கெடுக்கும்.

குளிர்காலம்

குட்டை முடி நாய், குட்டி, ஒல்லியான நாய், முதிய நாய் இவற்றுக்கு 7 டிகிரிக்குக் கீழேயே கஷ்டம் தொடங்கும். தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்திய படுக்கை, குளிர்காற்று நேராக அடிக்காத மூலை இரண்டும் சட்டையை விட முக்கியம். நடுக்கம் நின்று நாய் மந்தமாகிவிட்டால் ‘பழகிவிட்டது’ என்று நினைக்க வேண்டாம், உடம்பு தோற்கத் தொடங்கிவிட்டது. வெப்பநிலை 37-க்குக் கீழே இருந்தால் ஈரத்தைத் துவட்டி, கம்பளியால் சுற்றி, துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை மார்புப் பக்கம் வைத்து டாக்டரிடம் போக வேண்டும். பாட்டில் நேராகத் தோலில் பட்டால் வெந்துவிடும், உணர்வு குறைந்த பிராணி விலகிப் படுக்காது.

முதிய நாய் காலையில் எழும்போது பின்னங்கால் ஊன்றத் தயங்குகிறதா, படியில் நின்று யோசிக்கிறதா என்று பாருங்கள். மூட்டுவலி குளிரில் அதிகமாகும். வழுக்கும் தரையில் ரப்பர் விரிப்புப் போடுங்கள், நகத்தை வெட்டிவிடுங்கள், நீண்ட ஒரு நடைக்குப் பதில் சின்னதாக மூன்று நடை நல்லது. வலிக்கிறதே என்று வீட்டிலுள்ள மாத்திரையைக் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்லும், இபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும்.

குளிரில் பூனை தண்ணீர் குடிப்பதும் நடமாடுவதும் குறையும், சிறுநீர் அடர்த்தியாகும். ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகல், சின்னப் படிகக் கசடே அடைத்துவிடும். மலம் கழிக்கும் தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய்க் குனிந்து உட்கார்ந்து, ஒன்றும் வராமல் எழுந்து, பின்பக்கத்தை நக்குகிறது என்றால் பலர் மலச்சிக்கல் என்று நினைத்து நாளை பார்க்கலாம் என்று விடுகிறார்கள். அது சிறுநீர் அடைப்பாக இருந்து ஒரு நாள் தாண்டினால், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடலாம். மணலில் ஈரக்கட்டி இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். இல்லையென்றால் இரவானாலும் புறப்படுங்கள். ஈர உணவும், கொஞ்சம் வெதுவெதுப்பாக்கிய தண்ணீரும் முன்தடுப்பு.

வண்டி எஞ்சின் சூட்டுக்குப் பூனைகள் பானெட்டுக்குள் ஏறிப் படுக்கும், கிளப்பும் முன் இரண்டு தட்டு தட்டுங்கள். எஞ்சின் உறையாமல் இருக்க ஊற்றும் ஆண்டிஃப்ரீஸ் இனிப்பாக இருக்கும். ஒரு தேக்கரண்டியே பூனைக்கு எமன், 3 மணி நேரத்துக்குள் மாற்று மருந்து போனால்தான் பிழைக்க வழி. சிந்தியதை உடனே கழுவுங்கள். பனிக்கு உப்புத் தூவிய சாலையில் நடந்துவந்தால் பாதத்தைத் தண்ணீரில் முக்கித் துடையுங்கள்.

முயல், பறவை, மீன்

முயலுக்கு 28 டிகிரியைத் தாண்டினாலே சிரமம். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணி சுற்றிக் கூண்டில் வையுங்கள், சாய்ந்து படுத்துக்கொள்ளும். காதின் வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் துடையுங்கள், அதன் சூடு வெளியேறும் வழி காதுதான். ஈரமும் வெப்பமும் சேர்ந்த நாட்களில் பின்பக்கத்தைக் காலையும் மாலையும் தூக்கிப் பாருங்கள். மலம் ஒட்டிய முடியில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வெளிவந்து சதையைத் தின்னத் தொடங்கிவிடும். எந்தப் பருவமானாலும் 12 மணி நேரம் சாப்பிடாத முயல் அவசர நோயாளி, அதன் குடல் நின்றுபோகும்.

பறவை இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வாயைத் திறந்தால் சூடு, இறகுகளை உப்பிக்கொண்டு ஒடுங்கினால் குளிர் அல்லது நோய். குளிருக்கு ஜன்னலை மூடியிருக்கும் மாதங்களில் நான்ஸ்டிக் பாத்திரத்தைக் காலியாக அடுப்பில் காயவிட்டால், அதன் ஆவி சில நிமிடத்தில் கூண்டையே காலி செய்யும்.

மீன் தொட்டியில் தண்ணீர் சூடாகச் சூடாக ஆக்சிஜன் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரைந்திருக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து நின்றால் காற்றுக்குழாயைக் கூட்டி, தீனியைக் குறையுங்கள். ஐஸைத் தொட்டியில் கொட்டாதீர்கள், மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறக்கக் கூடாது. மின்சாரம் போனால் ஒரு குவளையால் தொட்டித் தண்ணீரையே மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தால் காற்று கலக்கும்.

டாக்டரிடம் போகும்போது

பூனைக்கூடையைப் பரணில் வைக்காதீர்கள். கதவைத் திறந்து, உள்ளே பழைய டவல் போட்டு, எப்போதும் அறையிலேயே கிடக்கட்டும். அதில் தானாகப் படுத்துத் தூங்கும் பூனையை அவசரத்தில் அடைக்க அரை நிமிடம் போதும். வலிப்பு, இருமல், நொண்டல் போன்றவற்றை ஃபோனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரி மேஜையில் பல பிராணிகள் பயத்தில் எல்லாவற்றையும் மறைத்துவிடும். எதையாவது தின்றிருந்தால் அதன் உறையைக் கையோடு கொண்டுபோங்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள். டாக்டர் சொல்லாமல் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புக்கரைசலே நாயைக் கொல்லக்கூடும். கூடவே அந்த நோட்டும் போகட்டும். போன மாதம் 4.2 கிலோ, இன்று 3.8 கிலோ, தூக்கத்தில் மூச்சு 22-லிருந்து 36 என்று நீங்கள் காட்டும் இரண்டு வரி, டாக்டர் எங்கே தேடத் தொடங்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடும்.